டோக்கன் எண் பதினான்கு

கேம்பல் பே
7 ஏப்ரல் 2025

திருமதி பானுமதி,
பதிவேட்டுப் பொறுப்பாளர்,
அன்பழகன் கிளினிக், போர்ட் பிளேர்.

தங்கைக்கு என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். கை ஓடவில்லை. அதனால் உன் பதவியைப் போட்டிருக்கிறேன். போனில் கேட்டால் என்ன என்று நினைப்பாய். இங்கே டவர் ஒரு நாள் இருந்தால் இரண்டு நாள் இருக்காது. அது ஒரு காரணம். போனில் சொன்னதை நாளைக்கு இல்லை என்று சொல்லிவிடலாம். அதுதான் உண்மையான காரணம். எனக்கு எழுத்தில் வேண்டும்.

பதினோரு வருடம் நீல் தீவுக்கும் ஹேவ்லாக்குக்கும் ஃபெரி ஓட்டிய மாஸ்டர் நான். என் கையில் ஒரு படகு ஜெட்டியை உரசியதுகூடக் கிடையாது. இன்று காலை என்ன செய்தேன் தெரியுமா? தகரக் கொட்டகைக்குள் நின்று லைஃப் ஜாக்கெட் எண்ணினேன். நானூற்றுப் பன்னிரண்டு. நேற்றும் நானூற்றுப் பன்னிரண்டுதான். "மருத்துவக் குழு தகுதி என்று சொல்லும்வரை கரைப் பணி" என்று ஒரே வரியில் உத்தரவு போட்டு, தீவுகளின் கடைசி மூலைக்கு அனுப்பிவிட்டார்கள்.

காரணத்தை நீ அறியாதவள் போல் நடிக்கக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன். உன் அண்ணி புஷ்பம் இறந்த பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது. மெயின்லேண்டிலிருந்து மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை உங்கள் கிளினிக்குக்கு வரும் மனநல டாக்டர் ராஜகுமாரியிடம் ஆறு மாதமாகப் போய்வந்தேன். இரவுக்கு ஒரு மாத்திரை. அதைச் சாப்பிட்டுக்கொண்டு தாராளமாகக் கப்பல் ஓட்டலாம் என்று அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். இந்த விஷயம் எனக்கும் அவருக்கும் உங்கள் கம்ப்யூட்டருக்கும் மட்டும்தான் தெரியும்.

மார்ச் 3-ஆம் தேதி காலை, கயிறு அவிழ்க்கிற நேரத்தில், செராங் முத்துவீரன் பத்துப் பேர் காதில் விழும்படி, "உடம்பு தபியத் எப்படி சாப்? மருந்து ஒழுங்கா சாப்பிடறீங்களா?" என்று கேட்டான். சிரித்துக்கொண்டே கேட்டான். எனக்குக் கீழே வேலை பார்க்கும் டெக் ஆட்களின் தலைவனுக்கு என் மருந்து எப்படித் தெரியும்? 5-ஆம் தேதி உங்கள் டாக்டர் அன்பழகனுக்கு முறைப்படி புகார் எழுதினேன். அதற்கு இன்றுவரை பதில் இல்லை. பதிலுக்குப் பதிலாகக் கரைப் பணி வந்தது.

பிப்ரவரியில் இரண்டு முறை ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் உன்னைப் பார்த்தேன். கையில் ஒரு பையோடு டிக்கெட் கவுண்டர் தூணுக்குப் பின்னால் நின்றாய். எந்தப் படகிலும் ஏறவில்லை. ஒரு முறை அதே முத்துவீரனிடம் பேசிக்கொண்டிருந்தாய். நான் மேலே படகின் பிரிட்ஜில், சுக்கான் அறையில் இருந்தேன். அங்கிருந்து எல்லாம் தெரியும்.

ஒரே ஒரு கேள்வி. என் ஃபைலை நீ திறந்தாயா? ஆம் அல்லது இல்லை.

சொக்கலிங்கம்

நகல்: டாக்டர் அன்பழகன், சுகாதாரத் துறை இயக்குநர், எங்கள் சங்கத் தலைவர் பழனியாண்டி.


போர்ட் பிளேர்
19 ஏப்ரல் 2025

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் ரிஜிஸ்தர் தபாலில் வந்தது. வீட்டில் அவர் கவரைப் பார்த்துவிட்டு, "உங்க அண்ணன் அனுப்பினது கடிதமா, கோர்ட் சம்மனா?" என்று கேட்டார். கவரை மட்டும்தான் பார்த்தார். உள்ளே இருப்பதைப் படிக்க நான் விடவில்லை. இந்த வேலையில் பன்னிரண்டு வருடம் இருந்தால் அது பழக்கமாகிவிடும்.

என் பதவியைப் போட்டு எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பதவியிலிருந்தே முதல் பதிலைச் சொல்கிறேன். சொக்கலிங்கம் என்ற பெயரில் ஒருவர் எங்கள் கிளினிக்குக்கு வந்தாரா, எந்த டாக்டரைப் பார்த்தார் என்பதையெல்லாம் தபாலில் வந்த ஒரு கேள்விக்கு நான் சொல்லக்கூடாது. எழுதியது நீங்கள்தான் என்று எனக்குத் தெரியும். அந்த 'ழ'வை வேறு யாரும் அப்படிச் சுழிக்க மாட்டார்கள். ஆனாலும் விதி விதிதான்.

ஹட் பேயிலிருந்து ஒரு அம்மா வருவார். கப்பல் விட்டு இறங்கி, ஐந்து வீட்டுக்காரர்களின் ரத்தச் சோதனை ரிப்போர்ட்டை மொத்தமாகக் கேட்பார். "அந்தத் தீவே என் சொந்தம்தான், குடு பேட்டி, என் மகளே" என்று சத்தம் போடுவார். பாவம், ஒவ்வொருவரும் ஒரு காகிதத்துக்காகக் கப்பல் ஏறி வர முடியாதுதான். ஆனால் நோயாளி கையெழுத்துப் போட்ட சீட்டு இல்லாமல் நான் கொடுத்ததில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்தி நாலு வருடம் ஆகிறது, டோக்கன் எண்தான். இரண்டாவது சனிக்கிழமை வருகிறவர்களையும் பல் டாக்டருக்கு வருகிறவர்களோடு ஒரே வரிசையில் உட்கார வைக்கிறோம். யார் யாரைப் பார்க்க வந்தார் என்று பக்கத்து நாற்காலிக்குத் தெரியக்கூடாது. கம்ப்யூட்டரில் யார் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் பெயரும் மணியும் பதிந்துவிடும், அழிக்க முடியாது. இதையெல்லாம் கட்டிக் காத்தவர்களில் நானும் ஒருத்தி. நானா உங்களை முத்துவீரனிடம் விற்பேன்?

தங்கையாக ஒரு வார்த்தை. கீழே நகல், நகல் என்று போடுகிறீர்களே, அதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

அங்கே மழை பிடித்துவிட்டது என்றார்கள். ஈரத்தில் நிற்காதீர்கள்.

பானு


கேம்பல் பே
30 ஏப்ரல் 2025

பானுமதிக்கு,

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். கவரின் ஓரத்தில் இரண்டு முறை பசை தடவியது போலிருந்தது. நீ தடவினாயா, வழியில் யாராவது தடவினார்களா என்பதை அடுத்த முறை எழுது.

டோக்கன் வந்தது, நாற்காலி வந்தது, ஹட் பே அம்மா வந்தாள். என் கேள்விக்குப் பதில் மட்டும் வரவில்லை. "நானா விற்பேன்" என்று கேட்டிருக்கிறாய். நான் விற்றாயா என்று கேட்கவில்லை. திறந்தாயா என்று கேட்டேன். எம்.ஏ. படித்தவனிடம் இப்படி நழுவ முடியாது. "இல்லை" என்பது மூன்றே எழுத்து. அதை எழுத முடியாதவள் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய்.

இங்கேயும் செய்தி வந்து சேர்ந்துவிட்டது. ஸ்டோர் காவலாளி எனக்கு டீ வைக்கும்போது குவளையைத் தள்ளியே வைக்கிறான். நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரர் ஒரு ரிட்டயர்ட் ஹவில்தார். முதல் வாரம் முழுக்க வாசலில் உட்கார்ந்து எழுபத்தொன்று யுத்தத்தைப் பற்றிப் பேசினவர், இப்போது நான் வந்தால் ரேடியோவைத் திருகுகிறார். நேற்று கொட்டகைக்கு வெளியே இரண்டு பேர் பேசிக்கொண்டது கேட்டது. "திமாக் கொஞ்சம் கரப் ஆளாம்." மூளை கெட்ட ஆள். நான் உள்ளேதான் நின்றேன். எண்ணிக்கை தவறிவிட்டது. மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்.

புஷ்பம் செத்த ஐந்தாம் நாள் நீ டியூட்டி என்று கிளம்பிப் போனாய். அன்றிலிருந்து இரண்டு வருடத்தில் "அண்ணா, எப்படி இருக்கிறீர்கள்" என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. அப்படிப்பட்டவள் ஜெட்டிக்கு வந்து தூணுக்குப் பின்னால் நின்றால் நான் என்ன நினைக்க வேண்டும்?

சட்டத்தைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். மனநலச் சட்டம் 2017. பிரிவு 23, என் விஷயம் ரகசியமாக இருக்க வேண்டும் என்கிறது. பிரிவு 25, என் பதிவுகளைக் கேட்டு வாங்க எனக்கு உரிமை உண்டு என்கிறது. என் பக்கத்தை யார் யார் எப்போது திறந்தார்கள் என்ற பட்டியலை டாக்டர் அன்பழகனிடம் கேட்டு இன்றே எழுதிவிட்டேன். அதில் உன் பெயர் இருந்தால், நீ தங்கை என்பதை நான் மறந்துவிடுவேன். எனக்குக் கப்பல் போனது போல உனக்கு நாற்காலி போக வேண்டும். அதுதான் நியாயம்.

சொக்கலிங்கம்

நகல்: டாக்டர் அன்பழகன், சுகாதாரத் துறை இயக்குநர், சங்கத் தலைவர் பழனியாண்டி, காவல் கண்காணிப்பாளர்.


போர்ட் பிளேர்
14 மே 2025

அண்ணா,

என்னை ஒரு வாரமாக வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும்.

திங்கட்கிழமை விசாரணை வைத்தார்கள். டாக்டர் அன்பழகன், ஒரு வக்கீல், வெளியிலிருந்து ஒரு டாக்டரம்மா. உங்கள் புகாரில் முத்துவீரனைச் சாட்சி என்று எழுதியிருந்தீர்களாம், அவரையும் கூப்பிட்டிருந்தார்கள். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தார், பாவம். பயந்துபோயிருந்தார். "சாப் சாப்பிடற மருந்தைப் பற்றி உனக்கு யார் சொன்னது?" என்று வக்கீல் கேட்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"யாரும் சொல்லலை சார், நான்தான் வாங்கிக் குடுத்தேன்! பிப்ரவரி கடைசியில சாப்புக்கு சூக்கா இருமல், வறட்டு இருமல். ராத்திரி பகல் கொக்கு கொக்குன்னு. அபர்தீன் பஜாரில நான்தான் சிரப் வாங்கிட்டு வந்து மேலே பிரிட்ஜில, சுக்கான் பக்கத்தில வெச்சேன். ரெண்டு நாள் கழிச்சுப் பார்த்தா பாட்டில் அப்படியே இருக்கு. அதான் ஒழுங்கா சாப்பிடறீங்களான்னு கேட்டேன். அதுக்கு சாப் என்னை முறைச்சாரு பாருங்க, அன்னையிலேர்ந்து என் கூடப் பேசறதே இல்லை."

வக்கீல் பேனாவை மூடி வைத்துவிட்டார். "பிறகு எப்போது தெரிந்தது?" என்று டாக்டரம்மா கேட்டார். முத்துவீரன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "சாப் எழுதின புகார் எங்க ஆபீஸுக்கும் வந்தது. தபால் வரவுப் பதிவேட்டில குமாஸ்தா 'பொருள்' கட்டத்தில எழுதிட்டாரு. மனநோய் சிகிச்சை விவரம் வெளியானது தொடர்பாகன்னு. தினமும் நாங்க எல்லாரும் கையெழுத்துப் போடற மேஜையிலதான் அந்த நோட்டு கிடக்கும்."

அண்ணா, தேதிகளைப் பாருங்கள். மார்ச் 3, இருமல் மருந்து. மார்ச் 5, புகார். மார்ச் 21, கரைப் பணி. நீங்கள் எழுதிய அன்று யாருக்கும் எதுவும் தெரியாது. டாக்டர் எனக்கு அந்தப் புகாரின் முதல் பக்கத்தை மட்டும் காட்டினார். மீதியில் என்ன இருக்கிறது என்று அவரே சொன்னார். ஆதாரம் வேண்டும் என்று மாத்திரையின் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த மாதத்தில் கூட்டினார்கள், எல்லாம் எழுதியிருக்கிறீர்களாம். கீழே ஐந்து நகல். அதில் ஒன்று உங்கள் ஆபீஸுக்கே. நாங்கள் டோக்கன் போட்டு, திரை போட்டு, பாஸ்வேர்டு போட்டு மறைத்ததை நீங்கள் ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பியிருக்கிறீர்கள். கேம்பல் பேக்கும் செய்தி வந்துவிட்டது என்று எழுதினீர்களே, அது யார் வழியாக? உங்கள் கையெழுத்து வழியாக.

கோபத்தில் எழுதிவிட்டேன். கிழித்துவிட்டு வேறு எழுத நேரமில்லை. நாளைக் காலை கப்பல்.

பானு


போர்ட் பிளேர்
16 மே 2025

அண்ணா,

கப்பல் இன்னும் கிளம்பவில்லை. முந்தாநாள் எழுதியதில் பாதிதான் இருந்தது. மீதி பாதியை எழுதத் தைரியமில்லை. விசாரணையில் சொல்லிவிட்டேன், உங்களிடம் சொல்லவில்லை. டாக்டரின் பட்டியல் உங்கள் கைக்கு வருவதற்கு முன்னால் என்னிடமிருந்து வரட்டும்.

ஆம். திறந்தேன்.

பிப்ரவரி 8, இரண்டாவது சனிக்கிழமை. அதுவரை நீங்கள் வருவதே எனக்குத் தெரியாது. சனிக்கிழமை எனக்கு விடுமுறை. அன்று ஒருத்திக்குப் பதிலாக வந்தேன். திரையில் டோக்கன் எண் பதினான்கு. பெயர் மறைந்திருந்தது. ஆனால் போன் நம்பரின் கடைசி நாலு எண் தெரிந்தது. அண்ணி செத்த அன்று அந்த நம்பரிலிருந்துதான் எனக்கு போன் வந்தது. நிமிர்ந்து பார்த்தால், பல் டாக்டருக்கு வந்த ஒரு பையனுக்கும் சுவருக்கும் நடுவில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள். என்னைப் பார்க்கவில்லை. ரொம்ப இளைத்திருந்தீர்கள்.

எனக்கு அந்தப் பக்கத்தில் எந்த வேலையும் இல்லை. நம்பரைக் கூப்பிடுவது மட்டும்தான் வேலை. புற்றுநோயோ என்று பயந்துதான் திறந்தேன் என்று விசாரணையில் சொன்னேன். பயம் உண்மை. ஆனால் பயம் அனுமதிச் சீட்டு ஆகாது. ஹட் பே அம்மாவுக்கு நான் சொல்வதும் அதுதானே.

நான் படித்தது அதிகமில்லை. ஒரு வரி மட்டும் போகமாட்டேன் என்கிறது. "தனியாக வசிக்கிறார். உறவு: ஒரு தங்கை. தொடர்பு இல்லை." மூடிவிட்டேன்.

அண்ணா, அதற்குப் பிறகு உங்களிடம் நான் என்ன கேட்க முடியும்? எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் அது ஃபைலிலிருந்து வந்த கேள்வி. தூங்குகிறீர்களா என்று கேட்டால் திருடிய கேள்வி. ஐந்தாம் நாளே போனவள் இரண்டு வருடம் கழித்துத் திடீரென்று வந்து நின்றால், ஏன் என்று நீங்கள் கேட்க மாட்டீர்களா? பொய் சொல்லத் தெரியாமல்தான் தூணுக்குப் பின்னால் நின்றேன். பையில் இருந்தது இறால் ஊறுகாய். இரண்டு தடவையும் திருப்பி எடுத்துக்கொண்டு போனேன். முத்துவீரனிடம் "அண்ணன் சாப்பிடுகிறாரா?" என்று மட்டும் கேட்டேன். "சாப்பிடறாரு, இருமல்தான்" என்றார். அவ்வளவுதான் நாங்கள் பேசியது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

அண்ணி விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. ஐந்தாம் நாள் போயிருக்கக்கூடாது.

நோயாளி நடவடிக்கை வேண்டும் என்று எழுதினால் என்னை வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள். எச்சரிக்கை போதும் என்றால், பதிவேட்டிலிருந்து மாற்றி மருந்து ஸ்டாக்கில் போடுவார்கள். டாக்டரிடமிருந்து உங்களுக்கு அந்தப் படிவம் வரும். எனக்காக எதுவும் எழுதும்படி நான் கேட்கவில்லை. கேட்பதும் விதிக்கு விரோதம்.

பானு


கேம்பல் பே
24 ஜூன் 2025

பானுவுக்கு,

உன் இரண்டு கடிதமும் பட்டியலும் படிவமும் ஒரே கப்பலில் வந்தன. ஐந்து வாரம் பதில் எழுதவில்லை. கடல் சரியில்லை, கப்பல் வரவில்லை என்று எழுதலாம். கப்பல் மூன்று முறை வந்து போனது.

பட்டியலைத்தான் முதலில் பிரித்தேன். உன் கடிதத்தை நம்பத் தயாராக இல்லை. பிப்ரவரி 8, பகல் 11:42. உன் பெயர். ஒரு நிமிடம் நாற்பது நொடி. மறுபடி வேறு எந்த நாளிலாவது இருக்கிறதா என்று மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் விரல் வைத்துப் பார்த்தேன். இல்லை. லைஃப் ஜாக்கெட் எண்ணி எண்ணி இந்த வேலை நன்றாக வருகிறது.

பிறகு என் புகாரில் நான் வைத்துக்கொண்ட பிரதியை எடுத்துப் படித்தேன். மூன்றாம் பத்தியில் மில்லிகிராம் வரை இருக்கிறது. எழுதும்போது அது ரொம்பக் கச்சிதமாக இருப்பதாக நினைத்திருந்தேன்.

அதற்குப் பிறகும் நடவடிக்கை வேண்டும் என்றுதான் படிவத்தை நிரப்பினேன். ஒளிக்க விரும்பவில்லை. ஒருவன் மேலாவது தப்பு நிற்க வேண்டும் அல்லவா? அதை எடுத்துக்கொண்டு தபால் ஆபீஸுக்குப் போனேன். கவுண்டரில் இருக்கும் சர்தார்ஜி என்னைப் பார்த்ததும் கேட்காமலே ரிஜிஸ்தர் சீட்டுகளை எண்ணி எடுத்தார். "இன்னைக்கும் அஞ்சு லிஃபாஃபாதானே, கேப்டன் சாப்?" கிண்டல் இல்லை. பழகிய வாடிக்கையாளருக்குப் பொட்டலம் கட்டுவது போல. இந்தத் தீவுக்கு நான் யார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மூளை கெட்ட ஆள் இல்லை. அஞ்சு கவர்க்காரன். ஒன்றும் போடாமல் திரும்பி வந்தேன்.

மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. நீ திறந்தது தப்பு. என் சம்மதம் அன்றைக்கு இருந்தது என்று எழுதிக் கொடுத்தால் உன் நாற்காலி தப்பும் என்று எனக்குத் தெரியும். இல்லாததை இருந்ததாக எழுத மாட்டேன். படித்துவிட்டுக் கேட்காமல் போனாயே, அது அதைவிடப் பெரிய தப்பு. அதற்கு எந்தச் சட்டத்திலும் பிரிவு இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன். புதிய படிவம் கேட்டு வாங்கி, "தப்பு நடந்தது உண்மை. எச்சரிக்கை போதும்" என்று எழுதி அனுப்பிவிட்டேன். மருந்து ஸ்டாக்கில் உட்கார்ந்து நீயும் எண்ணு. அப்போது தெரியும்.

இன்னொரு காகிதமும் அந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன். அதே மனநலச் சட்டம், பிரிவு 14. தனக்காகக் கேட்கவும் பேசவும் ஒரு ஆளை நோயாளி நியமிக்கலாம். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். உன் பெயரை எழுதியிருக்கிறேன். வேறு பெயர் யோசித்தேன். முத்துவீரன் பெயர்தான் வந்தது. அவனிடம் முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதை எழுத்தில் செய்வதா வாயால் செய்வதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

மருத்துவக் குழு என்னை ஜூலை 14-ஆம் தேதி வரச் சொல்லியிருக்கிறது. கப்பல் திரும்பக் கிடைக்குமா என்று தெரியாது. டாக்டர் ராஜகுமாரியின் கடிதம் இருக்கிறது. ஆனால் குழுவில் உட்காருகிறவர்களும் அந்த வரவுப் பதிவேட்டைப் பார்த்திருப்பார்கள் என்று என் மனம் சொல்கிறது. சந்தேகம் மாத்திரைக்குப் போகவில்லை, பானு.

11-ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை ஃபீனிக்ஸ் பேயில் இறங்குவேன். தூணுக்கு முன்னால் நில். கேள். இனிமேல் நீ கேட்டால் அது திருடிய கேள்வி இல்லை, காகிதம் இருக்கிறது. என்ன கேட்பது என்று தெரியாவிட்டால், இருமல் எப்படி இருக்கிறது என்று கேள்.

ஊறுகாய் கெட்டுப்போயிருக்கும். வேறு போடு.

அண்ணன்

நகல்: யாருக்கும் இல்லை.